காருக்குள் ஒரு கணினி – துணையா? தொல்லையா?

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவர் ஒருவர்)

காலை ஆறு மணிக்கு ஓசூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? முதல் ஷிப்டுக்குத் தொழிலாளரைச் சுமந்து விரையும் தொழிற்சாலைப் பேருந்துகள் ஒருபுறம். இராயக்கோட்டைத் தக்காளியையும் ஓசூர் ரோஜாவையும் ஏற்றிக்கொண்டு பெங்களூரு நோக்கி ஓடும் சிறு லாரிகள் மறுபுறம். இவற்றுக்கு இடையே புகுந்து புகுந்து செல்லும் வாடகைக் கார்கள். அந்தக் கார்களுக்குள் சற்றே எட்டிப் பாருங்கள். சாமி படத்துக்கும் எலுமிச்சம் பழத்துக்கும் நடுவில் ஒளி வீசும் கண்ணாடிப் பலகை ஒன்று குடியேறியிருப்பதைக் காண்பீர்கள். டேப்லெட் என்று எல்லாரும் அழைக்கும் பலகைக் கணினிதான் அது. பழைய பாட்டுப்பெட்டி இருந்த இடத்தை அறுத்து அகலமாக்கி அதைப் பதித்திருப்பார்கள்.

இது துணையா, தொல்லையா? இந்த வினாவை நான் வெறும் பொழுதுபோக்குக்காக எழுப்பவில்லை. என் தாய்மாமன் வாடகைக் கார் ஓட்டுபவர். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் சேர்த்து உலை கொதிப்பது அந்த ஒரு காரால்தான். எனவே இதற்கு விடை காண்பது என் கடமையும் ஆகிறது.

முதலில் நம் மண்ணின் கதையைச் சிறிது நினைவுகூர்வோம். 1980-ஆம் ஆண்டில் அசோக் லேலண்டு தொழிற்சாலை ஓசூரில் தொடங்கியது. டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து சாலைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். அன்றைய வண்டிகளின் முகப்பில் வேகத்தைக் காட்ட ஒரு முள் இருந்தால் அதுவே பெரிது. இன்று நிலைமை என்ன? 2021-இல் ஓசூரில் ஆலை அமைத்த ஏத்தர் நிறுவனத்தின் 450 எக்ஸ் மின் ஸ்கூட்டரின் முகப்பில் ஏழு அங்குலத் தொடுதிரை இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டு 15 அன்று அறிமுகமாகி, நம் மாவட்டத்துப் போச்சம்பள்ளி ஆலையில் உருவான ஓலா எஸ்1 ஸ்கூட்டரின் முகப்பிலும் ஏழு அங்குலத் தொடுதிரை இருந்தது. ஆலைகளில் பிறந்து வரும் புது வண்டிகளைப் பார்த்த பழைய வண்டிக்காரனுக்கும் ஆசை பிறப்பது இயற்கைதானே? பட்டறைக்காரர் அந்த ஆசையை நிறைவேற்றி வைக்கிறார்.

என் மாமாவும் அப்படித்தான் ஏழு அங்குல டேப்லெட் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி வந்தார். பட்டறையில் வேலை நடந்த இரண்டு நாளும் நான் உடனிருந்தேன். கார்ப் பாட்டுப்பெட்டிகளுக்கென உலகம் முழுவதும் பின்பற்றப்படும் அளவு ஒன்று உண்டு. ஜெர்மானியர் வகுத்த அளவு அது. அகலம் 180 மில்லிமீட்டர். உயரம் 50 மில்லிமீட்டர். இரட்டைப் பெட்டியானால் உயரம் ஏறத்தாழ 100. ஆனால் 2012-இல் வெளிவந்த நெக்சஸ் 7 போன்ற ஏழு அங்குல டேப்லெட்டின் அளவோ ஏறத்தாழ 198-க்கு 120. “அண்ணா, இந்த இடம் பத்தாது, நாலு பக்கமும் அரம் போட்டுத்தான் ஆகணும்” என்றார் பட்டறைக்காரர். அறுத்தார், அராவினார், ஃபைபர் தகட்டை வளைத்துச் சட்டம் செய்தார், பட்டி பார்த்துக் கறுப்பு வண்ணம் அடித்தார். வேலை முடிந்தபோது அது ஆலையிலிருந்தே அப்படி வந்தது போல் இருந்தது. பள்ளிப் படிப்பை முடிக்காத அந்தக் கைகளின் திறமையைப் பார்த்து, மூன்று ஆண்டுகள் இயற்பியல் படித்த நான் நாணி நின்றேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

ஆனால் ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது. காரின் மின்கலம் 12 வோல்ட். டேப்லெட்டுக்கு வேண்டியது 5 வோல்ட். இடையில் மின்னழுத்தம் குறைக்கும் கருவி ஒன்றை வைத்தார்கள், அது சரி. ஆனால் அதற்கான கம்பியைச் சாவித் திருகிலிருந்து எடுக்காமல் மின்கலத்திலிருந்தே நேராக எடுத்துவிட்டார்கள். பொங்கலுக்கு நான்கு நாள் கார் வாசலில் நின்றது. ஐந்தாம் நாள் அதிகாலை விமான நிலைய சவாரி. சாவியைத் திருகினால் வண்டி முனகக்கூட இல்லை! டேப்லெட் இரவு பகலாக மின்கலத்தை உறிஞ்சித் தீர்த்திருந்தது. தெருவே கூடித் தள்ளி வண்டியைக் கிளப்பினோம். சாவியைத் திருகினால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியில், நடுவே ஒரு ஃபியூஸும் வைத்து இணைத்திருந்தால் அந்தத் தொல்லை நேர்ந்திராது.

இது சிறு தொல்லை, சிரித்து மறக்கலாம். அடுத்து நடந்தது அப்படியன்று. மழை பெய்த ஓர் இரவு, சூளகிரியைத் தாண்டி மாமா வந்துகொண்டிருந்தார். அடுத்த நாளைய சவாரிக்கான அழைப்புத் திரையில் மின்னியது. சில வினாடிகளுக்குள் ஏற்காவிட்டால் சவாரி வேறொருவருக்குப் போய்விடும். விரலை நீட்டினார், அது சரியான இடத்தில் படவில்லை. மறுபடி குனிந்து பார்த்துத் தொட்டார். பின்னால் அமர்ந்திருந்த பெரியவர் “ஐயோ!” என்று அலறினார். பின்விளக்கு எரியாத லாரி ஒன்று சாலையோரம் நின்றிருந்தது. ஸ்டீரிங்கை ஒடித்தார். பக்கக் கண்ணாடி மட்டும் போயிற்று, உயிர் பிழைத்தது. இதை என் தாயாரிடம் அவர் இன்றுவரை சொல்லவில்லை. என்னிடம் மட்டுமே சொன்னார்.

அன்றிரவு நான் தாளில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 22 மீட்டருக்கும் சற்று மிகுதி. இரண்டு வினாடி திரையைப் பார்த்தால் 44 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். நம்மில் எவரேனும் கண்ணைக் கட்டிக்கொண்டு 44 மீட்டர் நடக்கவாவது துணிவோமா? 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் மாண்டவர் 1,68,491 பேர் என்பது அரசின் கணக்கு. அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற மாநிலம் நம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள். இதில் முதலிடம் பெற்றது நமக்குப் பெருமையா?

“பழைய வண்டியில் பட்டறையில் பொருத்தியதால் வந்த வினை, ஆலையில் பொருத்தியிருந்தால் இப்படி ஆகாது” என்று சிலர் வாதிடலாம். உலக அனுபவம் வேறு விதமாகக் கூறுகிறது. அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டு பியூக் ரிவியரா என்னும் காரிலேயே தொடுதிரை வைத்தார்கள். ரேடியோவுக்கும் குளிர்சாதனத்துக்கும் அந்தத் திரையைத்தான் தொட வேண்டும். சாலையை விட்டுக் கண்ணை எடுக்க வேண்டியிருக்கிறதே என்று ஓட்டியவர்கள் குறை கூறினார்கள். சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. 2012-இல் டெஸ்லா மாடல் எஸ் காரில் 17 அங்குலத் திரை வந்ததும் அந்தப் பாடம் மறந்துபோயிற்று. பிற நிறுவனங்களும் பொத்தான்களைக் களைந்துவிட்டுத் திரைகளை வைத்தன.

2022-இல் ஸ்வீடன் நாட்டின் ‘வீ பிலேகாரே’ என்னும் மோட்டார் இதழ் ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே ரேடியோவை மாற்றுவது, காருக்குள் வெப்பத்தைக் கூட்டுவது போன்ற நான்கு பணிகளைச் செய்யச் சொன்னார்கள். பொத்தான்கள் கொண்ட 2005-ஆம் ஆண்டு வால்வோ காரில் அதற்கு ஆனது 10 வினாடி. அதற்குள் கார் கடந்த தூரம் 306 மீட்டர். தொடுதிரையையே நம்பிய புதுக் கார்களில் கடைசியாக வந்ததற்கு ஆனது 44.9 வினாடி; கடந்த தூரம் 1,372 மீட்டர்! பதினேழு வயதுப் பழைய கார் புதுக் கார்களை வென்றது. காரணம் எளிது. பொத்தானை விரல் தானே தேடிக் கண்டுகொள்ளும். திரையைக் கண்தான் தேட வேண்டும். வழவழப்பான கண்ணாடியில் விரலுக்கு எந்த அடையாளமும் இல்லையன்றோ?

இன்னொன்றும் உண்டு. காரின் ஆயுள் வேறு, கணினியின் ஆயுள் வேறு. டெஸ்லா நிறுவனம் 2021-இல் ஏறத்தாழ 1,35,000 கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. திரைக்குப் பின்னால் இருந்த நினைவகச் சில்லு எழுதி எழுதித் தேய்ந்து போனதே காரணம். சில்லு செத்தால் திரை இருண்டது. திரை இருண்டால் பின்புறக் காமிராவும் கண்ணாடிப் பனி நீக்கும் வசதியும் போயின. என் மாமாவின் டேப்லெட்டும் சித்திரை வெயிலில் வயிறு உப்பிப் படுத்துவிட்டது. மூடிய காரின் முகப்பு வெயிலில் எவ்வளவு சுடும் என்பது தொட்டுப் பார்த்தவருக்குத் தெரியும். லித்தியம் மின்கலத்துக்கு வெப்பம் பகை. 45 டிகிரிக்கு மேல் வைக்காதீர் என்று பல கருவிகளின் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அதை யார் படிக்கிறோம்?

இவ்வளவு சொன்னதால் என்னைப் பழமைவாதி என்று எண்ணிவிடாதீர்கள். 1930-களில் காரில் ரேடியோ புகுந்தபோதும் அமெரிக்காவில் அதைத் தடை செய்ய வேண்டும் என்று குரல் எழுந்தது. உலகம் ரேடியோவை ஏற்றுக்கொண்டது, வாழ்ந்தது. வரைபடத்தின் நன்மையை நான் மறுக்கவில்லை. அத்திப்பள்ளியில் நெரிசலா, எலக்ட்ரானிக் சிட்டியில் நெரிசலா என்பதை முன்கூட்டியே அறிவது எவ்வளவு பெரிய உதவி! என் மாமா வீட்டில் தமிழும், பட்டறையில் தெலுங்கும், அத்திப்பள்ளியைத் தாண்டினால் கன்னடமும் பேசுபவர். ஆனால் பெங்களூருவின் புதுப் புதுக் குடியிருப்புகளில் நள்ளிரவில் வழி கேட்க ஆள் ஏது? அங்கே அந்தப் பலகைதான் பேச்சுத் துணை. கையில் செல்பேசியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதைவிட முகப்பில் உறுதியாகப் பொருத்திய திரை நூறு மடங்கு மேல்.

சட்டமும் இதை ஒட்டியே நிற்கிறது. கையில் செல்பேசியைப் பிடித்து ஓட்டுவதை, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் ஆபத்தான ஓட்டுதல் என்றே கொள்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி, வழி அறிவதற்கு மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில், கருவியைப் பயன்படுத்தலாம் என்கிறது. ‘வழி அறிவதற்கு மட்டும்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். படம் பார்க்கவோ, செய்தி அனுப்பவோ அன்று. ஐரோப்பாவின் கார்ப் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பும், திருப்பு விளக்கு, அபாய விளக்கு, ஹாரன், மழைத் துடைப்பான், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தொட்டறியும் பொத்தான்கள் இருந்தால்தான் உயர்ந்த மதிப்பெண் என்று 2026 முதல் வகுத்திருக்கிறது.

ஆகவே, என் கருத்து இதுதான். திரை இருக்கட்டும், ஆனால் ஓடும் வண்டியில் அது காட்டட்டும், பேசட்டும், தொடப்பட வேண்டாம். பட்டறையில் பொருத்துவோர் நான்கு செய்திகளை நெஞ்சில் கொள்ள வேண்டும். கம்பியைச் சாவித் திருகின் வழியே, ஃபியூஸோடு எடுக்க வேண்டும். காற்றுப்பை இருக்கும் இடத்தை அறுக்கவோ மறைக்கவோ கூடாது. விபத்தில் அது வெடித்து விரியும்போது முன்னால் உள்ளதையெல்லாம் எறியும். வண்டி வெயிலில் நிற்கும்போது கழற்றி எடுத்துச் செல்லும்படி சட்டம் அமைக்க வேண்டும். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகையேனும் தனியாக விட்டுவைக்க வேண்டும்.

சவாரி தரும் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓடும் வண்டியில் இருப்பவனுக்குச் சில வினாடி கெடு வைப்பது அறமாகுமா? வண்டி நின்ற பிறகு பதில் சொல்ல அவகாசம் தாருங்கள். வயிற்றுக்கும் உயிருக்கும் இடையே அவனைப் பந்தயம் கட்ட வைக்காதீர்கள். நான் குற்றம் சாட்டுவது என் மாமாவின் விரலை அன்று. அந்த விரலை அவசரப்படுத்திய கெடுவையே.

நம் கல்லூரிக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? நம்மில் பலர் நாளை இந்த ஆலைகளில்தான் பணியாற்றப் போகிறோம். வண்டியின் முகப்பை வடிவமைப்பவராக, சோதிப்பவராக நாம் அமரக்கூடும். இன்றே தொடங்குவோம். நம் இயற்பியல் துறை ஆண்டுக்கு ஒரு நாள் ஊர்ப் பட்டறைக்காரர்களையும் வாடகைக் கார் ஓட்டுநர்களையும் அழைத்து, மின்னழுத்தம், ஃபியூஸ், வெப்பம், நிறுத்தும் தூரம் ஆகியவற்றை எளிய தமிழில் செய்து காட்டினால் என்ன? அவர்களிடமிருந்து நாம் அரம் பிடிக்கக் கற்றுக்கொள்வோம். பேராசிரியப் பெருமக்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

இப்போது என் மாமாவின் காரில் வேறொரு திரை இருக்கிறது. அதன் கீழே பட்டறைக்காரர் பழைய ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய திருகைப் பொருத்தித் தந்திருக்கிறார். மாமா புறப்படும் முன்பே போகும் ஊரைத் திரையில் குறித்துவிடுவார். அழைப்பு வந்தால், ஓரம் கட்டி நிறுத்திய பிறகே பார்ப்பார். அதனால் சில சவாரிகள் கை நழுவிப் போகின்றன. வருமானமும் சற்றுக் குறைந்துதான் இருக்கிறது. சென்ற வாரம் அவரோடு பெங்களூரு சென்றேன். வழியில் திரை மின்னியது. பழக்க தோஷத்தால் என் கைதான் நீண்டது. மாமா சாலையிலிருந்து பார்வையை எடுக்காமலே என் கையைத் தட்டிவிட்டார்.

“அது கத்தட்டும் கண்ணு. நான் ரோட்டைப் பார்க்கிறேன்.”