போல்ட் இறுக்குவது ஹெல்பர் வேலையா?

மெக்கானிக்கல் படிக்கும் யாரையாவது நிறுத்தி, மில்லிங் மெஷினில் கியர் வெட்டும்போது ஒரு பல்லுக்கு கிராங்க்கை எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். நாற்பதைப் பற்களின் எண்ணிக்கையால் வகுக்கணும் என்று தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். சரி, அந்த டிவைடிங் ஹெட்டை டேபிளில் ஏற்றி, டி-ஸ்லாட்டில் போல்ட் போட்டு, நேராக உட்கார வைத்தது யார்? லேப் அண்ணன்!

பல கல்லூரிகளில் இதுதான் நிலைமை. வெட்டின அளவுக்கு மார்க், ரெக்கார்டு நோட்டுக்கு மார்க், வைவாவுக்கு மார்க். ஜாப்பை எப்படிப் பிடித்தார்கள் என்பதற்கு மட்டும் ஒன்றும் கிடையாது. அது 'ஹெல்பர் வேலை'யாம். இந்த நினைப்புதான் அடிப்படைத் தப்பு. மில்லிங்கில் யோசிக்க வேண்டியதில் பெரும்பகுதி ஸ்பிண்டில் சுற்றுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

ஒரு சாதாரண ஸ்ட்ராப் கிளாம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நுனி ஜாப்பின்மேல், மறுநுனி ஸ்டெப் பிளாக்கின்மேல், நடுவில் போல்ட். பள்ளிக்கூடத்தில் படித்த அதே நெம்புகோல்தான். போல்ட்டிலிருந்து ஜாப் 30 மி.மீ., பிளாக் 60 மி.மீ. தூரத்தில் இருந்தால், இறுக்கும் விசையில் மூன்றில் இரண்டு பங்கு ஜாப்புக்குப் போகிறது. தூரத்தை மாற்றி வைத்தால் மூன்றில் ஒரு பங்குதான். அதே போல்ட், அதே ஸ்பேனர், அதே கை... பிடிமானம் மட்டும் பாதி!

கிளாம்ப்புக்கு நேர் கீழே ஜாப் டேபிளில் படாமல் அந்தரத்தில் நின்றால் இன்னும் மோசம். இறுக்கும்போது வளையும். வளைந்தபடியே கட்டர் அதைச் சமமாக வெட்டிவிடும். கழற்றியதும் ஜாப் நிமிர்ந்துகொள்ளும், வெட்டின முகம் கோணலாகிவிடும். பழி மட்டும் பழைய மெஷின் மேல்.

'3-2-1' பற்றி எல்லோரும் பரீட்சையில் படம் போட்டு எழுதியிருப்பார்கள். அடியில் மூன்று புள்ளி, நீளப் பக்கத்தில் இரண்டு, குட்டைப் பக்கத்தில் ஒன்று. ஜாப்புக்கு இடம் காட்டுவது இந்த ஆறும். அவற்றோடு சேர்த்து அணைத்துப் பிடிப்பது கிளாம்ப். இரண்டும் வேறு வேறு வேலை. ஆனால் அதே படத்தை வரைந்தவர்கள் வைஸ் முன்னால் நிற்கும்போது, வெட்டு விசை ஃபிக்ஸட் ஜா பக்கம் தள்ளுகிறதா, மூவிங் ஜா பக்கம் தள்ளுகிறதா என்று பார்க்கிறார்களா? முதலாவதில் விசையைத் தாங்குவது அசையாத கெட்டி இரும்பு. இரண்டாவதில் ஸ்க்ரூவும் அதன் லூசும். ஃபிக்ஸட் ஜா ஓரமாக டயல் இண்டிகேட்டரை ஓட்டிப் பார்க்காமல் வைஸை இறுக்கிவிட்டு, ஜாப் சதுரமாக வரவில்லை என்று புலம்பி என்ன பயன்?

"இப்போதெல்லாம் சி.என்.சி.தானே, இது எதுக்கு?" என்று சிலர் கேட்பார்கள். சி.என்.சி.க்கு, ஜாப் எங்கே இருக்கிறது என்று நாம் ஆஃப்செட்டில் சொன்னது மட்டும்தான் தெரியும். கிளாம்ப் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தானாகத் தெரியாது. ரேப்பிடில் கட்டர் போய் கிளாம்ப்பில் மோதும்போது, ஹேண்டிலைச் சட்டென்று நிறுத்த அங்கே கையும் கிடையாது. அது மட்டுமா? ஜாப் நழுவினால் போவது மார்க் இல்லை. கட்டர் உடையும், துண்டு பறக்கும், அந்த நேரத்தில் எதிரே ஒரு முகம் இருக்கும். லேப்பில் அண்ணன் காப்பாற்றிவிடுவார். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் காப்பாற்ற யார் வருவார்?

"ஒரு மெஷினுக்குப் பத்துப் பேர், நேரம் எங்கே இருக்கு?" என்பது அடுத்த சாக்கு. இதற்கு ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ எப்போதோ பதில் சொல்லிவிட்டார். 1969-ல் டொயோட்டாவில் 1000 டன் பிரஸ் ஒன்றுக்கு டை மாற்ற நாலு மணி நேரம் ஆனது. அதை முதலில் 90 நிமிடமாகவும் பிறகு 3 நிமிடமாகவும் குறைத்தார்கள். மெஷின் நிற்கும்போது மட்டுமே செய்ய முடிகிற வேலை எது, ஓடும்போதே வெளியே செய்து வைக்கக்கூடிய வேலை எது என்று பிரித்ததுதான் அதன் அடிப்படை. லேப்பிலும் அதையே செய்யலாமே! டி-ஸ்லாட் உள்ள ஒரு பழைய டேபிள், நாலு கிளாம்ப், ஒரு வைஸ், ஒரு டயல் இண்டிகேட்டர் போதும். ஒருவர் மெஷினில் வெட்டும்போது மற்ற ஒன்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பதற்குப் பதிலாக ஜாப்பை செட் செய்து பழகலாம். இதற்கு கரண்ட்கூட வேண்டாம்.

எனவே கேட்க வேண்டியது ஒன்றுதான். பிராக்டிகல் பரீட்சையில், ஸ்பிண்டில் ஸ்விட்சைத் தொடுவதற்கு முன்பே செட்டிங்குக்குத் தனியாக மார்க் போடுங்கள். ஏன் இந்தப் பக்கம் பிடித்தாய், ஏன் இங்கே போல்ட் போட்டாய் என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் மெஷினை ஆன் செய்யட்டும். தெரியாதவர்கள் லேப் அண்ணனிடம் போய் முதலில் கற்றுக்கொண்டு வரட்டும். அவரை ஹெல்பர் என்று கூப்பிடுவதும் அன்றோடு நின்றுவிடும்.