சித்தூர் நாகையாவைச் சித்தூர்ப் பிள்ளைகள் எழுதட்டும்

1945இல் வெளிவந்த ‘மீரா’ படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமியோடு மேவார் ராணாவாக நடித்தவர் சித்தூர் வி. நாகையா. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, தியாகராஜ பாகவதர் நடித்த ‘அசோக்குமார்’ படத்தில் அசோகச் சக்கரவர்த்தியாக வந்தவரும் அவரே. தெலுங்கில் ‘தியாகய்யா’வை 1946இல் இயக்கி, நடித்து, இசையும் அமைத்தார். 1965இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் பிறந்தது குண்டூர்ப் பக்கம் ரேபல்லேயில். ஆனால் பெயரோடு ஒட்டிக்கொண்டது எங்கள் ஊர். சினிமாவுக்குப் போகும் முன் இங்கே ராம விலாச சபாவின் மேடையில் பாடி நடித்த ஆண்டுகள் அந்தப் பெயரைக் கொடுத்தன.

அந்த மேடையைப் பற்றிச் சித்தூர்க் கல்லூரி மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் கைப்பேசியில் தேடும் இடத்தில் அந்தக் கதையை விரிவாக எழுதி வைக்க வேண்டியவர்கள் நாம். நாம் அதைச் செய்யவில்லை.

நான் சித்தூரில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். சனிக்கிழமைப் பிற்பகல்களில் ஆர்வமுள்ள மாணவர்கள் சிலரோடு உட்கார்ந்து, நம் பக்கத்துக் கலைகளைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரைகளைத் திருத்தியும் வளர்த்தும் வருகிறேன். சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள கல்லூரிகள் இந்த வேலையைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்து மதிப்பெண் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆண்டுதோறும் மாணவர்கள் கட்டி ஒப்படைக்கும் புராஜெக்ட் நோட்டுகள் துறை அலமாரியில் தூசு படிந்து, பிறகு பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. அதே உழைப்பு கலைக்களஞ்சியத்துக்குப் போனால் ஊர் முழுக்கப் படிக்கும்.

ஊடகக் கலை என்றதும் பிள்ளைகள் சினிமாவையும் தொலைக்காட்சியையும் மட்டும் நினைக்கிறார்கள். இந்த மண்ணில் அது அவற்றுக்கு வெகு முன்னே தொடங்குகிறது. திருமலைப் பெருமாளைப் பாடிய அன்னமய்யாவின் பாடல்களைச் செப்பேடுகளில் வெட்டித் திருமலைக் கோயிலுக்குள் ஓர் அறையில் பாதுகாத்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் அவை வெளிச்சத்துக்கு வந்தன. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றவர்கள் அந்தப் பாடல்கள் பலவற்றுக்கு இசை அமைத்தார்கள். பிறகு எம்.எஸ். பாடிய ‘பாலாஜி பஞ்சரத்ன மாலா’ இசைத்தட்டுகள் வழியாக அவை வீடு வீடாகப் போயின. செம்பில் தொடங்கி இசைத்தட்டு வரை வந்த அந்தப் பயணமே ஒரு முழு ஊடக வரலாறு.  

காளஹஸ்தி கலம்காரியும் அப்படித்தான். இராமாயணத்தைக் கட்டம் கட்டமாகத் துணியில் வரைந்து, அடியில் தெலுங்கில் வரிகள் எழுதும் அந்தச் சீலைகள், சினிமா வருவதற்கு முன்பே நம்மிடம் இருந்த படக்கதை. எங்கள் குழுவில் ஒரு மாணவி காளஹஸ்திக்காரி, வீட்டிலேயே கலம்காரி வேலை நடக்கிறது. அவள் எழுதிய முதல் வரைவில் ‘உலகப் புகழ் பெற்ற’, ‘மிகத் தொன்மையான’ என்ற சொற்களே நிறைந்திருந்தன. அவற்றை அடித்துவிட்டு, “உங்க வீட்ல கருப்பு எப்படிம்மா காய்ச்சுறாங்க?” என்று கேட்டேன். மடை திறந்ததுபோல் சொன்னாள். துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவது, புளியங்குச்சிக் கரியால் கோடு போடுவது, மூங்கில் குச்சியில் துணி சுற்றிப் பேனாவாக்குவது, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் ஊறவைத்துக் கருப்பு மை எடுப்பது, படிகாரம் பூசி வேர்ச்சாயத்தில் காய்ச்சிச் சிவப்பு வரவைப்பது, ஒவ்வொரு கட்டத்திலும் ஓடுகிற தண்ணீரில் அலசுவது என்று எல்லாம். சுவர்ணமுகி ஆறு ஏன் அந்தக் கலைக்குத் தேவைப்பட்டது என்பது அப்போதுதான் மற்ற பிள்ளைகளுக்கு விளங்கியது.

அடுத்து நான் கேட்டது ஆதாரம். “சார், எங்க பாட்டி சொல்றதுதானே உண்மை? இதுக்கு எதுக்கு சார் புத்தகம்?” என்றாள். நியாயமான கேள்வி. ஆனாலும் அச்சில் வந்த நம்பகமான ஆதாரம் இல்லாமல் கலைக்களஞ்சியத்தில் எழுத முடியாது, அந்த விதி சரியானதே. அவள் நூலகத்துக்குப் போனாள். கைவினைகளை மீட்கப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் 1950களின் கடைசியில் காளஹஸ்தியில் பயிற்சி மையம் தொடங்கியதையும், கலம்காரிக் கலைஞர் ஜொன்னலகட்டா குரப்பச் செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்ததையும், 2005இல் புவிசார் குறியீடு வந்ததையும் தேடி எடுத்தாள். மசூலிப்பட்டினத்தில் அச்சுக் கட்டை, காளஹஸ்தியில் முழுக்கக் கைப்பேனா என்ற வேறுபாட்டையும் ஆதாரத்தோடு எழுதினாள். பாட்டி சொன்னவற்றில் பாதிக்கு ஆதாரம் கிடைக்கவில்லை, விட்டுவிட்டோம். அது எனக்கு இன்னும் வலிக்கிறது. அந்தப் பாட்டி சொன்னதை யாராவது அச்சில் கொண்டுவந்தால்தான் அது கட்டுரைக்குள் வரும்.

இப்போது இன்னொரு சங்கடம். ஒரு மாணவன் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு நாகையா கட்டுரையை எழுதி வந்தான். நடை வழவழப்பாக இருந்தது. பிறந்த ஊர் சித்தூர் என்று இருந்தது. பெயரில் சித்தூர் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. இப்படிப்பட்ட பிழைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று என்று பரவும். நூலைப் புரட்டி ரேபல்லே என்று திருத்தத் தெரிந்த பிள்ளையை உருவாக்குவதுதான் இனிக் கல்லூரியின் முதல் வேலை.

மாநில எல்லை பிரிந்ததன் விளைவு இந்த வேலையில் பளிச்சென்று தெரிகிறது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. நாகையாவின் மேடை நாள்களைத் தெலுங்கு நூல்களில் தேட வேண்டும், தமிழ்ப் படங்களைத் தமிழ் இதழ்களிலும் ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தனின் தொகுப்பிலும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் தேட வேண்டும். புங்கனூரில் பிறந்து 1954இல் சங்கீத கலாநிதி ஆன சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் கதையும் இதே நிலைதான். மதுரை சோமுவின் குரு அவர். ஒரு மொழி மட்டும் தெரிந்தவர் எழுதினால் பாதி மனிதர்தான் கிடைப்பார். எங்கள் பிள்ளைகளோ வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் தெலுங்கு படித்தவர்கள். பலருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமம். அதனால் தெலுங்கு வாசிப்பவர் ஒருவர், தமிழ் வாசிப்பவர் ஒருவர் என்று இணை சேர்த்து உட்காரவைக்கிறேன். கட்டுரை இரண்டு மொழிகளிலும் போகிறது. திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்திலும் குப்பம் திராவிடப் பல்கலைக்கழகத்திலும் இரு மொழித் துறைகளும் உள்ளன. இதைச் செய்ய அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்?

முன்னுதாரணங்கள் இல்லாமல் பேசவில்லை. 2010 கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி நடத்தியது. பெங்களூரு கிறைஸ்ட் பல்கலைக்கழகமும் விஜயவாடா ஆந்திர லயோலா கல்லூரியும் இதை வகுப்புக்குள் கொண்டுவந்தன. கெட்ட பாடமும் உண்டு. 2011இல் புனே கல்லூரிகளில் பெரிய அளவில் தொடங்கிய திட்டம், மாணவர்கள் பிற இடங்களிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியதால் அதே ஆண்டில் நின்றுபோனது. கட்டுரைகளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் போட்டால் இங்கும் அதுதான் நடக்கும். ஒரு பருவத்துக்கு ஒரே கட்டுரை, ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் என்று வைத்தால் போதும்.

படங்களுக்கும் வழி இருக்கிறது. நம் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கு உரிமை, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். ‘அசோக்குமார்’, ‘மீரா’ காலத்துப் படங்கள் இந்தியாவில் பொதுவுடைமை ஆகிவிட்டன. தமிழில் நாட்டுடைமை நூல்கள் 2,000க்கும் மேல் விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன. அதுபோல் நாளிதழ்கள் தங்கள் பழைய தொகுப்புகளை மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். இந்த நாளிதழையும் சேர்த்தே சொல்கிறேன்.

சித்தூர், புத்தூர், நகரி, காளஹஸ்தி, திருப்பதி வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், சபா அழைப்பிதழ், கலம்காரிச் சீலையின் ஒளிப்படம் ஏதாவது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். தேதியும் இடமும் தெரிந்தால் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். பக்கத்துக் கல்லூரி நூலகத்துக்கு ஒரு நாள் எடுத்துப் போய், பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள்.