பொருளைப் பறித்தவர் பெயரையும் பறித்தனர்!

ஓரினத்தை வீழ்த்த வருவோன் முதலில் அதன் மண்ணைப் பறிப்பான். மண்ணோடு பொன்னையும் பறிப்பான். இவ்விரண்டையும் உலகம் கொள்ளை என்றே சொல்லும். ஆனால், மூன்றாவதாக அவன் பறிப்பது ஒன்றுண்டு. அதை எவரும் கொள்ளை என்பதில்லை, ஆராய்ச்சி என்பர்! ஓரினம் தன் கையால் செய்த பொருளுக்குத் தானே இட்டு வழங்கிய பெயரையும், அப்பெயருள் பொதிந்து கிடக்கும் கருத்தையும் அகற்றிவிட்டு, வென்றவன் தன் மொழியில் வேறொரு பெயரைச் சூட்டுவதே அது. மேற்கு ஆப்பிரிக்காவின் எடோ மக்களுக்கு நேர்ந்த கொடுமை இதற்குத் தக்க சான்றாகும்.

இன்றைய நைசீரியாவின் தென்பகுதியில் உள்ள பெனின் நகரம் எடோ மக்களின் தலைநகர். அவர்தம் வேந்தன் ஓபா எனப்படுவான். 1897-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், விழா நடைபெறும் காலமாதலின் இப்பொழுது வரவேண்டா என்று தடுத்தும் கேளாது சென்ற பிரித்தானிய அலுவலர் குழுவொன்று வழியில் தாக்கப்பட்டுப் பெரும்பாலோர் மாண்டனர். அதையே சாக்காகக் கொண்டு, அடுத்த திங்களில் ஏறத்தாழ 1,200 படைஞர் அந்நகர்மேல் ஏவப்பட்டனர். நகர் வீழ்ந்தது, அரண்மனை எரிந்தது, ஓபா ஓவோன்றாம்வென் கலபாருக்கு நாடுகடத்தப்பட்டு, 1914-இல் அங்கேயே மறைந்தார். அரண்மனையிலிருந்த வார்ப்புப் பலகைகளும், முன்னோர் தலைவடிவங்களும், யானைமருப்பு வேலைப்பாடுகளும் ஆயிரக்கணக்கில் அள்ளிச் செல்லப்பட்டன. படையெடுப்புச் செலவை ஈடுகட்டவென்று அவற்றுட் பல விற்கப்பட்டன. வீட்டை எரித்தவன், எரித்ததற்கான கூலியையும் அவ்வீட்டுப் பொருளிலேயே எடுத்துக்கொண்டான்!

இலண்டனில் அவற்றைக் கண்ட அறிஞர் திகைத்தனர். காட்டு விலங்காண்டிகள் என்று தாம் எழுதிவைத்த மக்கள் இத்துணை நுண்ணிய வார்ப்பு வேலையை எங்ஙனம் செய்திருக்கக் கூடும்? போர்த்துகீசியர் கற்பித்தனரோ, எகிப்திலிருந்து வந்ததோ என்றெல்லாம் ஐயுற்றனர். அவ்வரண்மனைத் தூண்களில் பொருத்தியிருந்த வார்ப்புப் பலகைகளைப் பற்றி ஒல்லாந்தரான தாப்பர் 1668-இலேயே எழுதியிருந்தார். நூல் இருந்தது, நம்புதற்கு நெஞ்சந்தான் இல்லை. 1910-இல் அண்டை நாடான இஃபேயில் அழகிய தலைவடிவம் ஒன்றைக் கண்ட செருமானியர் பிரோபேனியசு, அதைக் கடலுள் மூழ்கியதாகக் கிரேக்கர் கதைத்த அத்துலாந்திசின் எச்சம் என்றார். அம்மண்ணின் மகனே அதைச் செய்தான் என்னும் எளிய உண்மை மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. செருமனியின் இலூசான் என்னும் அறிஞர், பெனின் வார்ப்புகள் ஐரோப்பியர் வார்ப்புக்கு எவ்வகையிலும் தாழ்ந்தவை அல்ல என்று அன்றே எடுத்துரைத்தார். ஆயினும் அவரும் அவற்றைப் பெர்லின் காட்சியகத்துக்கு வாங்கிக் குவித்தவரே!

'பெனின் வெண்கலங்கள்' என்று உலகம் வழங்கும் பெயரே பிழையானது. அவற்றுட் பெரும்பாலானவை பித்தளை. போர்த்துகீசியர் வணிகத்துக்குக் கொணர்ந்த மனில்லா என்னும் காப்பு வளையங்களை உருக்கியே பல செய்யப்பட்டன என்பதையும், அவ்வளையங்களின் மாழை செருமனியின் இரைன் ஆற்றுப் பகுதியில் தோன்றியது என்பதையும் 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மாழை எங்கிருந்து வந்தால் என்ன? மெழுகால் உருவமைத்து, மண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்து, அவ்வெற்றிடத்தில் மாழையை ஊற்றி, மண்ணை உடைத்து உருவை வெளிக்கொணர்ந்த கை எடோவின் கை. கருத்து எடோவின் கருத்து.

அக்கருத்தை அறிய விரும்புவோர் எடோ மொழியிடம் அன்றோ செல்லவேண்டும்? 'நினைவுகூர்தல்' என்பதற்கு அம்மொழியில் வழங்கும் வினைச்சொல்லின் நேர்ப்பொருள் 'வார்ப்பில் உருவம் பதித்தல்' என்பதாகும்! ஓபா மறைந்தால், அடுத்துவரும் ஓபா தந்தைக்கு வழிபாட்டு மேடை அமைத்து, வார்ப்புத் தலைவடிவம் வைத்தல் கடமை. ஆகவே, 1897-இல் வாரிச் செல்லப்பட்டவை வெறும் அணிபொருள்கள் அல்ல. எழுத்துக்கு ஈடாக அவ்வினம் போற்றிய வரலாற்று ஏடுகள். இவ்வொரு சொல்லை அறியாதவன், ஓராயிரம் பலகைகளை அளந்து பட்டியலிட்டாலும் அவற்றை அறிந்தவனாகான். இதனாலேயே, அம்மண்ணின் வரலாற்றறிஞர் சேக்கப் எகரேவ்பா தம் இனவரலாற்றை முதலில் எடோ மொழியில் எழுதி, அதன்பின்னரே ஆங்கிலத்தில் தந்தார். மேலையோரோ, கிரேக்கன் செதுக்கியதைக் 'கலை' என்றும், ஆப்பிரிக்கன் வார்த்ததை 'இனவியற் பொருள்' என்றும் பிரித்து வைத்தனர்.

பதினாறாம் நூற்றாண்டு அரசித்தாய் இடியாவின் மருப்பு முகவடிவைத் தன் அடையாளமாகக் கொண்டு, 1977-இல் லாகோசில் கருப்பின மக்களின் கலைப்பெருவிழா நடந்தது. அதற்கு அம்முகவடிவை இரவலாகக் கொடுக்கவும் பிரித்தானிய அருங்காட்சியகம் மறுத்துவிட்டது. திருப்பித் தருவதற்கு 1963-ஆம் ஆண்டுச் சட்டம் தடையாம்! தாமே இயற்றிய சட்டத்தைத் தமக்கே தடையென்று காட்டும் நேர்மை வியக்கத்தக்கது. செருமனியோ 2022-இல் 1,100-க்கு மேற்பட்ட பொருள்களின் உரிமையை நைசீரியாவுக்கு மாற்றித் தந்தது. நெதர்லாந்து 2025-இல் 119 பொருள்களைத் திருப்பியது. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும், பொருள் திரும்புவது பாதியே. பெயரும் பொருளுரையும் திரும்புவதே மறுபாதி.

தமிழர்க்கு இது புறக்கதை அன்று. அதே மெழுகு வார்ப்பு முறையால் சோழர் காலக் கம்மியர் வார்த்தவற்றைத் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகள் 'செப்புத் திருமேனி' என்கின்றன. மேனி என்றால் உடல், காட்சிப்பொருள் அன்று. சிரீபுரந்தான் கோயிலினின்று திருடப்பட்டு ஆத்திரேலியக் காட்சியகம் வரை சென்ற ஆடல் திருமேனி 2014-இல் மீண்டது. ஆனால், இராசராசன் கல்வெட்டு வழங்கிய 'ஆடவல்லான்' என்னும் பெயர் தமிழர் நாவிற்கு இன்னும் மீளவில்லையே! அதை 'நடராசர்' ஆக்கியது ஆங்கிலேயன் அல்லன்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. நீலமலைத் தோடர் தம் வெண்போர்வையில் கறுப்பும் சிவப்புமாக இழைக்கும் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விலைபேசி வாங்கும் தமிழன் அதைக் 'காட்டுமக்கள் கைவேலை' என்று சொல்வானாயின், இலண்டனில் திகைத்த அறிஞனுக்கும் இவனுக்கும் வேறுபாடு யாது? தன் சொல்லுக்கு மதிப்பு வேண்டுவோன் சிறுகுடியின் சொல்லையும் மதித்தல் வேண்டும்.

பிற இனத்தார் கலையைத் தமிழில் எழுதப் புகுவோர் முதலில் மூன்றைக் கேட்டறிக: செய்தவர் அதை எப்பெயரால் அழைத்தனர்? எதன்பொருட்டுச் செய்தனர்? அவர் கையினின்று அது எவ்வாறு அகன்றது? இம்மூன்றிற்கும் விடையின்றி எழுதப்படும் கலைவரலாறு, கொள்ளையன் எழுதிய பட்டியலின் மொழிபெயர்ப்பே ஆகும்!