கம்பெனிக்கு ஒரு கதவு, தொழிலாளிக்கு ஒரு கதவா?

செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டி கம்பெனி பஸ்சில் போகிறவர்கள் சுங்குவார்சத்திரம் விவகாரத்தை மறந்திருக்க மாட்டார்கள். 2024 செப்டம்பர் 9-ந்தேதி அங்குள்ள சாம்சங் ஆலையில் ஆயிரம் பேருக்கு மேல் வேலைநிறுத்தத்தில் குதித்தார்கள். 37 நாள் நடந்தது. முக்கியக் கோரிக்கை, சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பதே.

"தனியார் கம்பெனி விஷயம், சர்க்கார் எதுக்கு நடுவுல வரணும்?" என்று டீக்கடையில் சிலர் கேட்கிறார்கள். அட, இந்த வட்டாரத்தில் சிப்காட்டுக்கு நிலம் எடுத்தது யார்? ரோடு போட்டது யார்? அப்போ மட்டும் சர்க்கார் வேணுமா?

அன்று நடப்பிலிருந்த 1926-ம் வருஷச் சட்டப்படி 100 பேர் அல்லது 10 சதவீதம், எது குறைவோ அது போதும். சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' வரக்கூடாது என்று கம்பெனி ஆட்சேபித்தது. மனு தூங்கியது. ஐகோர்ட்டு வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவாயிற்று. சமரசம் பேச மந்திரிகள் ஓடினார்களே, அதில் பாதி வேகத்தைப் பதிவு அலுவலகம் முதலிலேயே காட்டியிருந்தால் பந்தலே போட்டிருக்க மாட்டார்கள்.

சங்கம் வந்தால் கம்பெனி ஓடிவிடுமாம்! 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடியது சங்கத்தாலா? வரித் தகராறு, கைமாறிய வியாபாரம். நடுத்தெருவில் நின்றது தொழிலாளி.

2025 நவம்பர் 21 முதல் புதுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதற்கு மாநில சர்க்கார் எழுதும் விதியில், சங்க மனுவை இத்தனை நாளில் முடிக்கணும் என்று ஒரு கெடு போடட்டும்.