மூன்று கத்தியும் மூன்று காயும்

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் கொடியேறிவிட்டால் குறிகட்டுவான் துறையிலே கால் வைக்க இடமிராது. கடல் கடந்து வந்தோரைப் பசியோடு திருப்பியனுப்புதல் தீவகத்தார் வழக்கமன்று. மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் இத்தீவே என்பாரும் உளர். அங்குள்ள அன்னதான மடமும் அமுதசுரபி என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஆயினும் ஆபுத்திரன் கைப் பாத்திரத்துக்குக் காய் அரிய வேண்டியதில்லை. மடத்துச் சமையலுக்கோ மலைபோல் அரிய வேண்டும். உச்சிப் பூசை முடியுமுன் கறி இறங்காவிடின், குழந்தைகளோடு வந்தோர் வெயிலில் வாடிக் காத்திருப்பர்.

இத்தகைய சமையற்கட்டிலே ஒரு கணக்கு ஒளிந்திருக்கின்றது. மாணவ அன்பர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்வார்களாக.

ஒருவரே அரிந்தால் பூசணிக்கு 90 நிமிடமும், வாழைக்காய்க்கு 60 நிமிடமும், கத்தரிக்காய்க்கு 30 நிமிடமும் செல்லும் எனக் கொள்வோம். தொண்டர் மூவர். எவரும் ஒரு காயைத் தொடங்குமுன் கத்தியையும் கையையும் கழுவி, கூடையைக் கொணர்ந்து, பாய் விரிக்க 10 நிமிடம் ஆகும். இதனை ஆயத்த நேரம் என்போம். அரியும் வேலையை எத்தனை கூறாகவும் பிரிக்கலாம். ஆயத்த நேரமோ பிரியாது. ஒரு காயை மூவர் எடுத்தால் மும்முறை செலவாகும்.

ஆளுக்கொரு காய் கொடுத்தால் பூசணிக்காரர் 100ஆவது நிமிடத்தில் எழுவார். கத்தரிக்காய்க்காரர் ஒரு மணி நேரம் சும்மா இருந்திருப்பார். இது தகாது என்று ஒவ்வொரு காயையும் மூன்றாகப் பங்கிட்டால், ஆளுக்கு ஆயத்தம் 30 நிமிடம், அரிதல் 60 நிமிடம், 90இல் முடியும். ஆனால் கத்தரிக்காய்க்காரர் தம் காயை 40ஆவது நிமிடத்தில் முடித்து, மறுபடி ஆயத்தமாகி, பூசணியில் 25 நிமிட வேலையை மட்டும் ஏற்றுக்கொண்டால் என்னாகும்? அவரும் பூசணிக்காரரும் 75இல் முடிப்பர். வாழைக்காய்க்காரர் 70இலேயே முடித்துவிடுவார்.

"அந்த ஐந்து நிமிடம் அவர் மட்டும் இருப்பது நியாயமோ?" என்று சமையற்கட்டு மேற்பார்வையாளர் முணுமுணுக்கக் கூடும். மூவரையும் ஒரே கணத்தில் எழுப்ப வேண்டுமாயின் ஐந்து ஆயத்தங்கள் வேண்டும். 180உம் 50உம் கூட்ட 230. மூன்றால் வகுத்தால் 76 நிமிடத்துக்கு மேலாகிறது! சமன் செய்யப் போய் எல்லோரையும் தாமதிக்கச் செய்ததே மிச்சம். 75க்குக் கீழே எந்தப் பங்கீடும் இறங்காது, முயன்று பார்க்கலாம்.

ஆயத்த நேரமே இல்லாவிடில் தொல்லையில்லை. வேலையை இடையில் நிறுத்தி வேறோர் இயந்திரத்தில் தொடரலாம் என்னும் நிலைக்கு இராபர்ட் மக்நோட்டன் என்னும் அமெரிக்க அறிஞர் 1959இல் எளிய வழி காட்டினார். பிரிக்கவியலாத வேலைகளை, ஓய்ந்த இயந்திரத்துக்கு அடுத்தது என்று கொடுத்துக்கொண்டே போனாலும், மிகச் சிறந்த பங்கீட்டின் நேரத்தைப்போல் இரு மடங்கை எட்டாது என்று ரொனால்ட் கிரகாம் 1966இல் நிறுவினார். ஆயத்த நேரம் புகுந்தவுடனேதான் சிக்கல். காயும் ஆளும் பெருகினால், எல்லாச் சந்தர்ப்பத்திலும் மிகச் சிறந்த விடையை விரைவில் தரும் முறை இன்றளவும் கண்டறியப்படவில்லை. துணியாலைகளும் அச்சகங்களும் கணினி நிலையங்களும், சிறந்ததற்கு அண்மையான விடையோடு அமைகின்றன.

குறிகட்டுவானில் படகைத் துறையிலே கட்டி அவிழ்க்கும் நேரமும் இவ்வினத்ததே. பத்துப் பேருக்கும் அதே கயிறுதான், ஐம்பது பேருக்கும் அதே கயிறுதான்.

ஆயத்த நேரம் 20 நிமிடமாயின் யாவற்றையும் மூன்றாகப் பங்கிடுவதற்கு 120 நிமிடமாகும்; ஆளுக்கொரு காய் கொடுத்தால் 110 போதும்; பூசணியில் மட்டும் கைமாற்றினால் 90. எத்தனை நிமிடமாகும்போது ஒரு துண்டுப் பூசணியைக்கூடப் பிறரிடம் கொடுப்பது பயனற்றதாகும்? விடை 60. கத்தரிக்காய்க்காரர் மறுபடி ஆயத்தமாகி அமர்வதற்குள் பூசணி முழுவதும் அண்டாவில் விழுந்திருக்கும்.