இரண்டாம் வகுப்பும் இல்லத்தின் மௌனமும்

மாசி மாதத்துப் பனியோடு ஒன்ராறியோப் பாடசாலைகளிலிருந்து எமது இல்லங்களுக்கு வந்து சேர்வது பிள்ளைகளின் முதலாம் தவணை மதிப்பீட்டு அறிக்கையாகும். அது வந்த நாளில் எம்மவர் வீடுகள் பலவற்றில் இரவு உணவு அமைதியாக முடிவதில்லை. "ஏன் 'பி'? ஏன் 'ஏ' இல்லை?" என்ற கேள்வி முதலில் எழுகின்றது. "மாமி வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை 'ஏ'?" என்ற கேள்வி அதனைத் தொடர்கின்றது. ஏழு வயதுப் பிள்ளை கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலைகுனிந்து இருக்கின்றது.

இவ்வாரம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி எமது வாசகர்களோடு பேச விழைகின்றோம். அவ்வகுப்பில் பிள்ளை எதனைக் கற்க வேண்டும் என்று இந்நாடு எதிர்பார்க்கின்றது? நாம் எதனை எதிர்பார்க்கின்றோம்? இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை நாம் அறியாதிருப்பதால் பிள்ளைக்கு நேரும் இழப்பு என்ன? இவற்றைப் பெற்றோர் ஒருமுறையேனும் நின்று சிந்திக்க வேண்டும்.

எம்மில் பலர் ஊரிலே விஜயதசமி நாளில் அரிசியில் விரல் வைத்து ஏடு தொடக்கியவர்கள். அரிவரியில் அமர்ந்து சிலேட்டில் எழுதி அழித்து எழுதியவர்கள். வாய்ப்பாட்டைச் சந்தத்தோடு ஒப்புவித்து, தவறிய இடத்தில் பிரம்படி வாங்கியவர்கள். அக்கல்வி எம்மை ஆளாக்கியது. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அதே அளவுகோலைக் கொண்டு இங்குள்ள இரண்டாம் வகுப்பை அளக்க முற்படும்போது அளவு பிழைத்துவிடுகின்றது.

கணிதத்தை எடுத்துக்கொள்வோம். 2020ஆம் ஆண்டில் ஒன்ராறியோ மாகாணம் வெளியிட்ட பாடத்திட்டத்தின்படி, இரண்டாம் வகுப்புப் பிள்ளை 200 வரையான எண்களை வாசிக்கவும், ஒப்பிடவும், வரிசைப்படுத்தவும் வேண்டும். 20 வரையான கூட்டல்களையும் அவற்றோடு தொடர்புடைய கழித்தல்களையும் நினைவிலிருந்து சொல்ல வேண்டும். கூட்டுத்தொகை 100ஐத் தாண்டாத கணக்குகளைச் செய்ய வேண்டும். நாணயங்களை வெவ்வேறு விதமாகச் சேர்த்து ஒரே தொகையைக் காட்ட வேண்டும். நீளத்தைச் சென்ரிமீற்றரிலும் மீற்றரிலும் அளக்க வேண்டும். பெருக்கலைப் பொறுத்தவரை, அது சம அளவான குழுக்களின் கூட்டு என்பதை விளங்கிக்கொண்டால் இவ்வயதுக்குப் போதுமானது. 2, 5, 10 ஆகிய வாய்ப்பாடுகளை நினைவில் நிறுத்துவது மூன்றாம் வகுப்பின் வேலை. 12ஆம் வாய்ப்பாடு வரை செல்வது ஐந்தாம் வகுப்பில்தான்.

ஆகவே "இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டான், பன்னிரண்டாம் வாய்ப்பாடு தெரியவில்லை. இங்கே என்னதான் படிப்பிக்கிறார்கள்?" என்று நொந்துகொள்ளும் பெற்றோர், பிள்ளையைப் பார்த்து இன்னொரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். பத்துத் தோசையை நால்வருக்குச் சமமாகப் பங்கிடு என்று சொல்லுங்கள். ஆளுக்கு இரண்டரை என்று கண்டுபிடித்து, அந்த அரையை எப்படி வெட்டுவது என்றும் பிள்ளை காட்டுமாயின், அப்பிள்ளை இரண்டாம் வகுப்புக் கணிதத்தை நன்றாகவே கற்றுவருகின்றது. வாய்ப்பாட்டை வீட்டிலே சொல்லிக் கொடுப்பதில் குற்றமில்லை. அது தெரியாமைக்காகப் பிள்ளையை மட்டம் தட்டுவதே குற்றம்.

அறிக்கையிலுள்ள எழுத்துகளின் பொருளையும் இவ்விடத்தில் கூறிவிடுகின்றோம். 'பி' என்பது மாகாணம் வகுத்த தரத்தைப் பிள்ளை எட்டிவிட்டது என்பதன் அடையாளம். 'ஏ' என்பது அத்தரத்தையும் கடந்துவிட்டது என்பதாகும். 'சி' என்பது தரத்தை நெருங்கி வருகின்றது என்று பொருள்படும். எனவே 'பி' பெற்ற பிள்ளை தோற்ற பிள்ளை அன்று. எதிர்பார்த்ததைச் செய்து முடித்த பிள்ளை. அதே அறிக்கையில் பொறுப்புணர்வு, ஒழுங்கமைப்பு, தனித்துச் செயற்படல், கூடிச் செயற்படல், தானாக முன்வரல், தன்னைத் தானே நெறிப்படுத்தல் என ஆறு பண்புகளும் மதிப்பிடப்பட்டிருக்கும். எம்மவருட் பலர் அப்பகுதியைப் படிப்பதேயில்லை. ஆசிரியர்களோ அதனையே பெரிதும் கருத்திற் கொள்கின்றனர்.

இரண்டாம் வகுப்பில் உண்மையாகவே கவலைப்பட வேண்டிய ஒன்று உண்டாயின், அது வாசிப்பே. 2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 'வாசிக்கும் உரிமை' என்னும் பொருள்பட ஓர் அறிக்கையை வெளியிட்டது. வாசிப்பைக் கற்பிக்கும் முறை பல பிள்ளைகளைக் கைவிட்டுவிட்டது என்று அது எடுத்துரைத்தது. அதன் பின்னர், 2023இல் மொழிப் பாடத்திட்டம் மாற்றப்பட்டது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை ஒழுங்குமுறையாகக் கற்பிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பாலர் வகுப்பின் இரண்டாம் ஆண்டிலிருந்து இரண்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளின் வாசிப்பைத் தொடக்கத்திலேயே பரிசோதிக்கும் நடைமுறையும் அவ்வாண்டிலேயே வந்தது. இது சித்தி, சித்தியின்மை பார்க்கும் பரீட்சை அன்று. எந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்பதைக் காலந்தாழ்த்தாமல் அறிவதற்கான வழி. மூன்றாம் வகுப்பில் வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகியவற்றில் மாகாணத் தேர்வு வரவிருப்பதால், இரண்டாம் வகுப்பிலேயே அந்த உதவி கிடைத்துவிடுவது நல்லது.

ஆனால் வாசிப்பில் பிள்ளை பின்தங்கியுள்ளது என்று கேட்டவுடன் எமது வீடுகளில் நடப்பது என்ன? அண்மையில் எம்மைச் சந்தித்த ஒரு தாயின் அனுபவத்தை, அவரது சம்மதத்தோடு இங்கு எழுதுகின்றோம்.

இலையுதிர் காலத்தில் நடந்த பெற்றோர் சந்திப்பில், மகளின் ஆங்கில வாசிப்பு வகுப்பின் தரத்துக்குச் சற்றுக் கீழே இருப்பதாக ஆசிரியை அவரிடம் கூறினார். கலங்கிப்போன தாய் உறவினர் ஒருவரிடம் ஆலோசனை கேட்டார். "வீட்டிலே தமிழ் கதைக்கிறதை நிப்பாட்டும். இரண்டு மொழியும் பிள்ளையைக் குழப்புது" என்றார் உறவினர். அன்றிரவு முதல் அவ்வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசப்பட்டது. தாய்க்கும் தந்தைக்கும் அது வேலைத்தளத்து ஆங்கிலம். அம்மம்மாவுக்கோ அதுவும் இல்லை. பாடசாலையால் வந்த பேத்தியை மடியில் இருத்திக் கதை சொன்ன அம்மம்மா, அதன் பின்னர் பெரும்பாலும் தமது அறைக்குள்ளேயே இருந்தார். பிள்ளை அவ்வறை வாசலில் கையசைத்துவிட்டுச் சென்றது. மூன்று மாதங்கள் அவ்வாறே கழிந்தன.

தைப்பொங்கல் முடிந்து சில நாட்களில் பிள்ளை ஒரு வேலையை வீட்டுக்குக் கொண்டு வந்தது. இரண்டாம் வகுப்புச் சமூகக் கல்வியின் ஒரு பகுதி, குடும்பத்தினதும் சமூகத்தினதும் மரபுகள் காலத்தோடு எவ்வாறு மாறுகின்றன என்பதைக் கற்பதாகும். உன் பாட்டன் பாட்டி காலத்தில் இருந்த ஒரு வழக்கத்தைப் பற்றிக் கேட்டு எழுது. இன்று அது எப்படி மாறியிருக்கிறது, ஏன் மாறியது என்பதையும் எழுது. பழைய படம் இருந்தால் கொண்டு வா. இதுவே வேலை.

தாய் திகைத்தார். பழைய படம் எங்கே? 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் இரவோடிரவாகப் பெயர்ந்தபோது அவருக்குப் பத்து வயது. படத் தொகுப்பு வீட்டு அலுமாரியிலேயே கிடந்தது. பின்னர் அந்த வீடும் இல்லை, அலுமாரியும் இல்லை. கணினியிலிருந்து ஏதாவது ஒரு பொங்கற் படத்தை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று அவர் எண்ணியிருந்த வேளையில், பிள்ளை தானாகவே அம்மம்மாவின் அறைக்குள் சென்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டது:

"அம்மம்மா, நீங்கள் சின்னனாய் இருக்கேக்க என்ன சாப்பிட்டனீங்கள்?"

அம்மம்மா பிட்டைப் பற்றிச் சொன்னார். பனையோலையாற் பின்னிய நீத்துப்பெட்டியைப் பற்றிச் சொன்னார். கொதிக்கும் பானையின் வாயில் அதனை வைத்து அவித்தால் ஓலையின் வாசம் பிட்டில் ஏறும் என்றார். விளம்பரத் தாள் ஒன்றின் பின்புறத்திலே கூம்பு வடிவில் அதனைப் பென்சிலால் வரைந்தும் காட்டினார். "இங்கே ஏன் அது இல்லை?" என்று பிள்ளை கேட்டது. "இங்கே பனை இல்லை, பிள்ளை. அதுதான் அம்மா இரும்புச் சட்டியிலே அவிக்கிறா" என்றார் அம்மம்மா. அன்று இருந்தது, இன்று மாறியது, மாறியதன் காரணம் ஆகிய மூன்றும் அங்கே வந்துவிட்டன. பாடத்திட்டம் கேட்டதும் அவற்றைத்தான். பழைய படத்துக்குப் பதிலாக அந்தப் பென்சிற் படம் பாடசாலைக்குச் சென்றது.

இதனால் பிள்ளையின் ஆங்கில வாசிப்பு ஒரே வாரத்தில் சீராகிவிட்டது என்று நாம் எழுதப் போவதில்லை. அப்படி நடக்கவுமில்லை. பாடசாலையில் இப்போது சிறு குழுவில் வைத்து ஒலிகளைக் கற்பிக்கின்றார்கள். அதற்குக் காலம் எடுக்கும். ஆனால் அவ்வீட்டில் தமிழ் மீண்டும் பேசப்படுகின்றது. "மூன்று மாதம் என்ரை அம்மாவை நான் ஊமையாக்கிப் போட்டன்" என்று எம்மிடம் சொன்னபோது அந்தத் தாயின் குரல் தழுதழுத்தது.

தாய்மொழி பிள்ளையைக் குழப்புகின்றது என்பது எம்மிடையே ஆழமாக வேரூன்றிவிட்ட தவறான எண்ணம். ஒரு மொழியில் பெற்ற அறிவும் ஆற்றலும் மற்றைய மொழியைக் கற்பதற்குத் துணைநிற்கும் என்பதை ரொறன்ரோவில் நீண்டகாலம் பணியாற்றிய பேராசிரியர் ஜிம் கம்மின்ஸ் 1979ஆம் ஆண்டிலேயே முன்வைத்தார். இதனை எளிமையாகவும் விளங்கிக்கொள்ளலாம். திண்மம், திரவம் என்பவை இரண்டாம் வகுப்பு விஞ்ஞானப் பாடங்கள். நெய் உறைவதையும் உருகுவதையும் அடுக்களையில் தமிழிலே கேட்டு அறிந்த பிள்ளை, வகுப்பில் அதற்குரிய ஆங்கிலச் சொல்லை மட்டும் கற்றால் போதும். அறியாத பிள்ளை பொருளையும் சொல்லையும் ஒருங்கே கற்க வேண்டும். அரைகுறை ஆங்கிலத்தில் மட்டும் பேசப்படும் வீட்டில் பிள்ளைக்குக் கிடைப்பது "வா, சாப்பிடு, படு" என்பதற்கான சொற்களே. கதையும் காரணமும் கேள்வியும் அங்கே பிறப்பதில்லை.

ஆகவே பெற்றோரிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. ஆங்கில வாசிப்புக்கு உதவும்போது "சீ, ஏ, ரீ" என்று எழுத்தின் பெயரை ஒப்புவிக்கச் செய்யாமல், அவ்வெழுத்துகள் தரும் ஒலிகளைச் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள். பாடசாலை இப்போது பின்பற்றும் வழி அதுவே. சொற்களின் ஒலிகளைப் பிரித்தும் சேர்த்தும் விளையாடுவதைத் தமிழிலும் செய்யலாம். நொடியும் நாநெருட்டும் அதற்கு ஏற்றவை. வாசிப்புப் பரிசோதனையில் பிள்ளை எவ்வாறு செய்தது, என்ன உதவி கிடைக்கின்றது என்று ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். ஆங்கிலம் போதாதெனின் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவை என்று முன்கூட்டியே பாடசாலைக்குத் தெரிவியுங்கள். அது வெட்கப்படத்தக்க செயலன்று. இரண்டு வேலை செய்து களைத்து வரும் பெற்றோரின் நிலையை நாம் அறியாதவர்கள் அல்லர். நாளுக்குப் பத்து நிமிடம் பிள்ளையின் அருகில் அமர்ந்தால் போதும். அதுவும் இயலாத நாளில் அம்மம்மாவையோ அப்பப்பாவையோ அமரச் செய்யுங்கள்.

எமது படத் தொகுப்புகள் அழிந்துவிட்டன. ஊர்களிற் பல இன்று நாம் விட்டு வந்த ஊர்களாக இல்லை. எஞ்சியிருப்பது முதியோரின் நினைவு ஒன்றே. அதனைக் கேட்டு எழுதிவா என்று இந்நாட்டுப் பாடசாலையே எமது பிள்ளையிடம் சொல்லி அனுப்புகின்றது. பிள்ளை கேட்க வரும் நேரத்தில் வீட்டின் வாயை நாமே அடைத்து வைத்திருக்கலாகாது. இத்தவணை அறிக்கையைக் கையில் எடுக்கும் பெற்றோர், எழுத்துகளை எண்ணுவதற்கு முன்னர், அம்மம்மாவோடு இந்த வாரம் எத்தனை நாள் கதைத்தாய் என்று பிள்ளையிடம் ஒருமுறை கேட்பார்களாக.