ஸ்டேடியம் இல்லாத கோட்டை ஊர்... கால்பந்து பணம் எஸ்ஸவீராவுக்கு வந்து சேருமா?

ஆப்பிரிக்க கோப்பை கால்பந்து மொராக்கோவில் 2025 டிசம்பர் 21-ம் தேதி தொடங்கியது. முதல் மேட்ச்சிலேயே கொமொரோஸை 2-0 என வீழ்த்தியது மொராக்கோ. 24 அணிகள், 6 நகரங்கள், 9 மைதானங்கள், ஜனவரி 18 வரை திருவிழாவாக நடந்தது. ஆனா இந்த 6 நகரங்கள் பட்டியல்ல எஸ்ஸவீரா இல்லை. மேட்ச் பார்க்கப் போறவங்க அந்த ஊருக்கு ஏன் போகணும்?

மேப்பை எடுத்துப் பாருங்க. ஐவரி கோஸ்ட், கேமரூன் அணிகள் மாராகேஷில் ஆடின. எகிப்து, தென்னாப்பிரிக்கா அணிகள் அகாதிரில். இரண்டு மேட்ச்சுக்கும் நடுவுல இரண்டு நாள் சும்மா இருக்கும் ரசிகர், கடற்கரைப் பக்கம் கொஞ்சம் சுற்றிப்போனா எஸ்ஸவீரா வந்துடும். மாராகேஷில் இருந்து பஸ்ஸில் சுமார் 3 மணி நேரம். ரயில் கிடையாது, மாராகேஷோட தண்டவாளம் முடிஞ்சிடுது. மாராகேஷ் - அகாதிர் விரைவுச்சாலையும் இந்த ஊரைத் தொடாமலேயே போகிறது.

அப்படி என்ன இருக்கு அங்கே?

அட்லாண்டிக் அலை வந்து மோதும் மதில், அதன்மேல் வரிசையாகக் கடலைப் பார்த்து நிற்கும் பழைய பீரங்கிகள், கீழே துறைமுகத்தில் நீல நிறப் படகுகள். மதிலுக்குள் கார் போகாது. பெட்டியைத் தள்ளுவண்டிக்காரரிடம் கொடுத்துட்டு நடக்கணும். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பார்த்தவங்களுக்கு அஸ்டபோர் நகரம் ஞாபகம் இருக்கா? அதை எடுத்தது இங்கேதான். 2001-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது.

பழைய பெயர் மொகடோர். 1760-களில் சுல்தான் முகமது பின் அப்துல்லா, தியோடோர் கோர்னு என்ற பிரெஞ்சுப் பொறியாளரை வைத்துத் திட்டமிட்டுக் கட்டிய துறைமுகம். சஹாரா தாண்டி ஒட்டகத்தில் வந்த சரக்கெல்லாம் இங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியது. இதுல ஒரு சுவாரசியம். இந்த ஊர் வளரணும்னு அகாதிர் துறைமுகத்தில் வணிகத்தையே நிறுத்தினார் சுல்தான். 20-ம் நூற்றாண்டில் காசாபிளாங்கா பெரிய துறைமுகமானதும் எஸ்ஸவீரா ஓரங்கட்டப்பட்டது. இன்று அகாதிரில் ஸ்டேடியம் இருக்கு, இங்கே இல்லை.

சரி, பணம் வருமா?

ஓரளவுக்கு வரும். தங்கும் விடுதி, மீன் கடை, துயா மரத்தில் பெட்டி செய்யும் கைவினைஞர்கள், இவங்களுக்கு டிசம்பர் மாத வருமானம் கூடலாம். ஆனா மதிலுக்குள் இருக்கும் முற்றம் வைத்த பழைய வீடுகளில் பல, வெளிநாட்டவர் வாங்கி விடுதியாக மாற்றியவை. ஒரு ரூமுக்கு ரசிகர் கொடுக்கும் வாடகை முழுசும் ஊருக்குள்ளேயே தங்கும்னு நினைக்க முடியாது. யூதர்கள் வாழ்ந்த மெல்லா பகுதியில் உப்புக்காற்று அரித்து இடிந்துபோன வீடுகளும் இருக்கு. சுற்றுலாப் பயணியின் கேமரா அந்தப் பக்கம் பெரும்பாலும் திரும்புவதில்லை.

இந்தக் கேள்வி எஸ்ஸவீராவோடு நிற்கலை, நாடு முழுக்க இருக்கு. அகாதிர் அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்கு வந்த பெண்கள் அடுத்தடுத்து உயிரிழந்ததும், செப்டம்பர் 27 முதல் 'ஜென் இசட் 212' என்ற பெயரில் இளைஞர்கள் வீதிக்கு வந்தார்கள். ஸ்டேடியம் கட்டக் காசு இருக்கு, ஆஸ்பத்திரிக்கு இல்லையா என்பதுதான் அவர்கள் கேட்டது. அக்டோபர் 1-ம் தேதி அகாதிர் அருகே 3 பேர் பலியானார்கள். பிறகு 2026 பட்ஜெட்டில் சுகாதாரம், கல்விக்கு 140 பில்லியன் திர்ஹாம் ஒதுக்குவதாக அரசு அறிவித்தது. போராட்டம் இல்லாம இந்த அறிவிப்பு இவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா? சந்தேகம்தான். ஸ்பெயின், போர்ச்சுகலோடு சேர்ந்து 2030 உலகக் கோப்பையை நடத்தப்போகும் நாடு இது. அந்தப் பட்டியலிலும் இதே 6 நகரங்கள்தான்.

போறவங்க கவனிக்க வேண்டியது: இந்தியர்களுக்கு விசா தேவை, ஆன்லைனில் இ-விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்தப் போட்டியின் மேட்ச் டிக்கெட்டுக்கு 'யல்லா' ஆப்பில் ஃபேன் ஐடி எடுக்க வேண்டியிருந்தது, எஸ்ஸவீராவைச் சுற்றிப் பார்க்க அது தேவையில்லை. ஊர் சும்மாவே காற்றுக்குப் பேர்போனது, ஸ்வெட்டர் எடுத்துக்குங்க.

மொராக்கோவுக்கு அதற்கடுத்த மேட்ச்கள் டிசம்பர் 26-ம் தேதி மாலியோடு, 29-ம் தேதி ஜாம்பியாவோடு நடந்தன. இரண்டுமே ரபாத்தில். 2025 போட்டி தொடங்கும்போது, 1976-க்குப் பிறகு இந்தக் கோப்பையை அவங்க தொட்டதே இல்லை. அதனால அந்த இரண்டு நாளும் டிவி இருக்கிற காபிக் கடையில் கடைசி நேரத்துல போயிருந்தா நாற்காலி கிடைச்சிருக்கிறது கஷ்டம்.